நிச்சயதார்த்த வீட்டில் ஒலித்த ஒப்பாரி

இணையப்பக்கம் ஒன்றைத் திறந்ததும் யாரும் கேட்காமலே பாட்டு ஒலிக்கத் தொடங்கும் காலம் ஒன்று இருந்தது. உங்களில் பாதிப் பேர் அப்போது பிறந்திருக்கவே மாட்டீர்கள். கோயில் பக்கம் என்றால் நாதஸ்வரம், பள்ளிப் பக்கம் என்றால் புல்லாங்குழல், யாராவது ஒருவரின் சொந்தப் பக்கம் என்றால் கேட்கவே வேண்டாம், சினிமாப் பாட்டுதான். அதை நிறுத்த ஒரு பொத்தான் வைக்கலாமே என்று எவருக்கும் தோன்றவில்லை. பாட்டு வந்தால்தான் பக்கம் உயிரோடு இருக்கிறது என்று எல்லோரும் நம்பினோம்.

அந்தக் காலத்தில்தான் நான் மாணவர் ஃபெலோஷிப்புக்கு ஒருங்கிணைப்பாளராக இருந்தேன். இப்போது நீங்கள் அதே நாற்காலிக்கு வந்திருக்கிறீர்கள். சர்வர், மென்பொருள், ஆவணப்படுத்தும் முறை எல்லாவற்றையும் உங்களுக்குப் பயிற்சிப் பட்டறையில் சொல்லித் தருவார்கள். எனக்குத் தெரிந்ததெல்லாம் காலாவதியாகிவிட்டது, அதனால் அந்தப் பக்கம் நான் போகவில்லை. ஒரு பிள்ளை செய்த வேலையால் ஊரே கொதிக்கும்போது ஒருங்கிணைப்பாளர் என்ன செய்ய வேண்டும் என்பது மட்டும் எனக்கு நன்றாகத் தெரியும். அதில் எனக்குக் கொஞ்சம் கர்வமே உண்டு. ஆகவே மலர்விழியின் கதையைச் சொல்கிறேன், உட்காருங்கள்.

தொண்ணூறுகளின் பிற்பாதி அது. பிரிக்பீல்ட்ஸில் ஒரு பல்மருத்துவரின் கிளினிக்குக்கு மேல்மாடியில் எங்கள் அறவாரியத்தின் அலுவலகம் இருந்தது. கல்லூரி நூலகத்தில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு நான் அங்கே வந்து சேர்ந்திருந்தேன். பல்கலைக்கழகத்தில் படிக்கும் சில பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் ஃபெலோஷிப் கொடுப்போம். அவர்கள் தோட்டத்துப் பாட்டு, பழைய புகைப்படம், கோயில் திருவிழா நோட்டீஸ் என்று ஏதாவது ஒன்றைச் சேகரித்துக் கணினியில் ஏற்றி, அறவாரியத்தின் இணையப்பக்கத்தில் வைப்பார்கள். அதை ஒட்டி ஒரு மின்னஞ்சல் குழுவும் நடத்தினோம். ஈப்போ ஆசிரியர், டொரோண்டோ எஞ்சினியர், கிள்ளான் மாணவி என்று எல்லோரும் அதில் இருந்தார்கள். பாடம் நடத்துவதும் அங்கேதான், சண்டை போடுவதும் அங்கேதான். ஒருவர் அனுப்பும் தமிழ் எழுத்து இன்னொருவர் திரையில் பூச்சி பூச்சியாகத் தெரியும், அதற்கே வாரக்கணக்கில் கோபித்துக்கொள்வார்கள்.

மலர்விழி காப்பார் பக்கத்துத் தோட்டத்துப் பெண். ஒப்பாரியைச் சேகரிக்கப் போகிறேன் என்று விண்ணப்பம் போட்டிருந்தாள். எங்கள் தலைவர் அதைப் படித்ததும் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் வைத்துவிட்டார். அவர் யாழ்ப்பாணத்துக் குடும்பம், அரசாங்கத்தில் பெரிய பதவியில் இருந்து ஓய்வு பெற்றவர். கோபம் வந்தால் கண்ணாடியைக் கழற்றுவது அவர் வழக்கம். “வேற பாட்டு இல்லையோ?” என்றார். நான் விடவில்லை. தாலாட்டுக்கும் கும்மிக்கும் ஆள் கிடைப்பார்கள், ஒப்பாரி பாடுகிற குரல்கள் ஒவ்வொன்றாக ஓய்ந்துகொண்டிருக்கின்றன என்று வாதாடி வாங்கிக் கொடுத்தேன். மலருக்கு அந்த ஃபெலோஷிப் வெறும் கௌரவம் அல்ல. அது நின்றால் படிப்பும் நிற்கும். அவளுடைய அப்பா ஷா ஆலாமில் ஒரு தொழிற்சாலையில் அவளுக்கு வேலைகூடப் பார்த்து வைத்திருந்தார்.

அவளுக்குப் பாடிக் கொடுத்தவர் அஞ்சலை. சுற்றுவட்டாரத்தில் எந்தச் சாவு வீடானாலும் முதலில் அவரைத்தான் அழைத்து வருவார்கள். குரலும் பெரிது, வாயும் பெரிது. அவர் ஒரே ஒரு நிபந்தனை போட்டார். சாவு விழாத வீட்டுக்குள் ஒப்பாரி ஒலிக்கக் கூடாது. ஆகையால் அவர் லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீடுகளில், பாடவில்லை. வீடுகளைத் தாண்டி, செம்பனை மரங்கள் தொடங்கும் இடத்துக்குப் போய்ப் பாயை விரித்து உட்கார்ந்து பாடினார். பாடி முடித்ததும் தலையில் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் நுழைந்தார். மலர் அந்த வார்த்தையைக் காப்பாற்றினாள். ஒலிநாடாவை வீட்டுக்கு எடுத்துப் போகவே மாட்டாள். ஹாஸ்டல் அறையில் கேட்க மாட்டாள். பல்கலைக்கழகத்துக் கணினிக்கூடத்தில்தான் எல்லா வேலையும்.

பக்கம் தயாரானது. மேலே அஞ்சலையின் தோட்டத்துப் பெண்களின் படம், கீழே பாட்டு வரிகள். எல்லா ஃபெலோக்களும் செய்ததுபோல் அவளும் திறந்ததும் ஒலிக்கும்படி ஒரு சிறிய துண்டைச் சேர்த்திருந்தாள். அஞ்சலை தன் தாய்க்குப் பாடியது அது.

“பெரட்டு மணி அடிச்சிருச்சே, பெத்தவளே எழுந்திரம்மா.”

பெரட்டு என்றால் விடியற்காலையில் தோட்டத்து ஆட்களை நிறுத்திப் பேர் கூப்பிடுவது. ஒரு நாளும் பெரட்டுக்குப் பிந்தாத தாயை எழுப்புகிறாள் மகள். முதல்முறை கேட்டதும் இன்னொருமுறை போடச் சொன்னேன். நல்ல வேலை என்று மலரைப் பாராட்டி, பக்கத்தை வெளியிட்டோம்.

அடுத்த திங்கட்கிழமை காலை. நான் கைப்பையைக்கூட மேசையில் வைக்கவில்லை, தொலைபேசி அலறியது. தலைவர்.

“நீங்கள் என்ன செய்து வச்சிருக்கிறியள் எண்டு தெரியுமோ? என்ர வீட்டில, என்ர மகளின்ர நிச்சயத்தில, செத்தவீட்டுப் பாட்டு!”

நடந்தது இதுதான். முதல் நாள் அவர் வீட்டில் மகளுக்கு நிச்சயதார்த்தம். கிள்ளானிலிருந்து மாப்பிள்ளை வீட்டார் வந்திருந்தார்கள். தட்டு மாற்றிச் சாப்பாடும் முடிந்தது. தலைவரின் மகனுக்குக் கை சும்மா இருக்கவில்லை. அப்பாவின் அறவாரியம் என்னவெல்லாம் செய்கிறது பாருங்கள் என்று கூடத்தில், சாமி அறைக்குப் பக்கத்தில் இருந்த கணினியைத் திறந்தான். ஸ்பீக்கரையும் கூட்டி வைத்தான். அந்தக் காலத்து வேகத்தில் படம் மேலிருந்து கீழே கொஞ்சம் கொஞ்சமாக இறங்க, எல்லோரும் சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். படம் முழுதாக வந்து சேர்ந்ததும் அஞ்சலையின் குரல் வீடு அதிரக் கிளம்பியது. முடிந்ததும் மறுபடி தொடங்கியது. மகன் எதையெதையோ அமுக்கிப் பார்த்தான், நிற்கவில்லை. கடைசியில் சித்தப்பா ஒருவர் ஓடிப்போய்ப் பிளக்கைப் பிடுங்கினார். மாப்பிள்ளையின் தாயார் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்தார். தேநீர்கூடக் குடிக்காமல் அவர்கள் புறப்பட்டுப் போய்விட்டார்கள்.

தலைவருக்கு மூன்று காரியம் ஆக வேண்டும். ஒப்பாரிப் பதிவு அத்தனையும் அழிக்கப்பட வேண்டும். மலரின் ஃபெலோஷிப் ரத்தாக வேண்டும். இந்தத் தவற்றைச் செய்தவள் இன்னார் என்று பேரோடு மின்னஞ்சல் குழுவில் மன்னிப்பு அறிவிக்க வேண்டும். சனிக்கிழமை செயற்குழு கூடும், அதற்குள் எல்லாம் முடிந்திருக்க வேண்டும்.

“கலியாணம் குழம்பினால் ஆர் பொறுப்பு?” என்று கேட்டுவிட்டு வைத்துவிட்டார்.

இதற்குள் அந்தச் சித்தப்பா குழுவில் எழுதிவிட்டிருந்தார். பற்றிக்கொண்டது. ஒப்பாரி வைத்து வைத்துத்தான் தமிழன் உருப்படாமல் போனான் என்றார் ஒருவர். ஒப்பாரி நம் சொத்து, அதைப் பழிப்பவன் தமிழனே அல்ல என்றார் இன்னொருவர். இரண்டு பேருமே ஒப்பாரியை நேரில் கேட்டு எத்தனையோ காலம் ஆகியிருக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். அந்தப் பெண் யார், பேரைச் சொல்லுங்கள் என்று கேட்டவர்கள்தான் அதிகம்.

இந்த இடத்தில் கவனியுங்கள். நான் அந்தப் பக்கத்தை உடனே மூடினேன். பதிவுகளைத் தொடவில்லை. மூடுவது வேறு, அழிப்பது வேறு. மூடியதைத் திறக்கலாம். குழுவில் நாலு வரி எழுதினேன். பக்கம் தானாக ஒலிக்கும்படி அமைத்தது தவறு, வெளியிடச் சொன்னது நான், மேற்கொண்டு சனிக்கிழமைக்குப் பிறகு. அவ்வளவுதான். பேர் போடவில்லை. கோபமாக இருக்கிற கூட்டத்துக்கு ஒரு பேரைக் கொடுத்தால் அப்புறம் அதை நம்மால் திரும்ப வாங்க முடியாது. பிறகு மலருக்குச் சொல்லி அனுப்பினேன், ஒலிநாடாக்கள் அத்தனையையும் எடுத்துக்கொண்டு வா என்று. அவை என் கண்ணெதிரே இருந்தால்தான் எனக்கு நிம்மதி.

பை நிறைய நாடாவோடு வந்து நின்றாள். முகம் வீங்கியிருந்தது. அழாதே என்று நான் சொல்லவில்லை, அழுது முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

“வீட்டுக்குள்ள போடக் கூடாதுன்னு உனக்குத் தெரியும்தானே, மலர்? பின்ன ஏன் அப்படி வச்ச?”

“நான் வீட்டுக்குள்ள போடலயே, மிஸ்.”

“பக்கத்தைத் திறக்கிறவங்க வீட்டுலதானே திறப்பாங்க?”

அவள் என்னையே பார்த்தாள். “வீட்டுலயா? கம்ப்யூட்டர் லேப்லதானே மிஸ் இருக்கும்? இல்லன்னா சைபர் கஃபேல, ஆபீஸ்ல. எங்க லயத்துல யாரு வீட்டுல மிஸ் இருக்கு? வீட்டுல கம்ப்யூட்டர் இருக்கும்னு எனக்குத் தோணவே இல்ல, மிஸ்.”

அவளுக்குத் தெரிந்த உலகத்தில் கணினி என்பது வீடு அல்லாத இடம். அஞ்சலை பாய் விரித்த செம்பனை ஓரம் மாதிரியே அதுவும் வாசலுக்கு வெளியே இருக்கிற ஒன்று. அந்த நம்பிக்கையில்தான் போட்டிருக்கிறாள். பட்டணத்து வீடுகளில் சாமி அறைக்குப் பக்கத்தில் கணினி வைத்திருப்பார்கள் என்பதை நாங்கள் யாராவது அவளுக்குச் சொல்லியிருக்க வேண்டும். எங்கள் யாருக்குமே அது தோன்றவில்லை, ஏனென்றால் எங்கள் எல்லோர் வீட்டிலும் இருந்தது.

இனி என்ன செய்வது? தலைவரிடம் ஓடிப்போய்க் கெஞ்சலாம். செயற்குழு உறுப்பினர்களைத் தனித்தனியாகப் பார்த்து ஆதரவு திரட்டலாம். பலரும் அதைத்தான் செய்வார்கள். நான் யோசித்தது வேறு. கத்துகிறவர் ஒருவர், புண்பட்டவர் இன்னொருவர். தலைவர் கத்துகிறார். ஆனால் எழுந்து போனது மாப்பிள்ளையின் தாயார். அவரிடம் இதுவரை ஒருவரும் வாய் திறந்து ஒரு மன்னிப்புக் கேட்கவில்லை. தலைவருக்கே பயம், தொலைபேசியை எடுத்தால் சம்பந்தம் வேண்டாம் என்று சொல்லிவிடுவார்களோ என்று.

“வா, கிள்ளானுக்குப் போறோம்” என்றேன்.

“அங்க போயி நான் என்ன மிஸ் சொல்லுவேன்?”

“என்கிட்ட சொன்னதையே சொல்லு.”

என் பழைய புரோட்டோன் காரில், ஒலிநாடாப் பை பின் இருக்கையில் கிடக்க, ஃபெடரல் நெடுஞ்சாலையில் போனோம்.

மாப்பிள்ளையின் தாயார் பேர் யோகம். ஒல்லியான உருவம், மெதுவான பேச்சு. கேட்டைத் திறந்தவர் நாங்கள் யார் என்று சொன்னதும் முகம் மாறாமல், “உள்ள வாங்கோ” என்றார். கூடத்தில் உட்கார வைத்தார். மலர் எழுந்து நின்றே பேசினாள். லேப், சைபர் கஃபே, லயம், எல்லாவற்றையும் சொன்னாள். கடைசியில், “ஆன்டி, உங்க வீட்டு நல்ல காரியத்துல இப்படி ஆயிருச்சு, மன்னிச்சிருங்க” என்றாள்.

யோகம் அக்கா அவளை உட்காரச் சொன்னார்.

“பிள்ளை, அந்தப் பாட்டு உன்னட்ட இருக்கோ?”

“கார்ல இருக்கு ஆன்டி.”

“எனக்கு ஒருக்காக் கேக்க வேணும். அண்டைக்கு முழுக்கக் கேக்க விடேல்லை. பிளக்கைப் புடுங்கிப் போட்டினம்.”

நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். யோகம் அக்காவே எழுந்துபோய் அலமாரியிலிருந்த கேசட் பிளேயரைக் கூடத்துக்குக் கொண்டு வந்து வைத்தார். இதைவிட என்ன வேண்டும்? மலரின் படிப்பைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஆள் அந்தப் பாட்டை வாய்விட்டுக் கேட்கிறார். போட்டுக் காட்டு, பெண்ணே, என்று என் மனசு அடித்துக்கொண்டது.

மலர் நாடாவை எடுத்து வரப் போகவில்லை.

“வீட்டுக்குள்ள போட மாட்டேன் ஆன்டி. பாடுனவங்களுக்கு வார்த்தை குடுத்திருக்கேன்.”

“இது என்ர வீடு பிள்ளை. நான்தானே சொல்லுறன்.”

“உங்க வீடுதான் ஆன்டி. ஆனா நீங்க சொன்னாலும் போட மாட்டேன்.”

ஏதாவது சொல்லிச் சமாளிக்கலாம் என்று வாயைத் திறந்தேன். நல்லவேளை, மூடிக்கொண்டேன். அந்தச் சமயத்தில் வாயை மூடிக்கொண்டதுதான் என் பணிக்காலத்தில் நான் செய்த புத்திசாலித்தனமான காரியம் என்று இன்றும் நினைக்கிறேன். மலரே சொன்னாள்.

“வெளிய வாங்க ஆன்டி. மிஸ் கார்ல பிளேயர் இருக்கு. கேட்டுக்கு அந்தப் பக்கம்தான் நிக்குது.”

யோகம் அக்கா செருப்பை மாட்டிக்கொண்டு வந்தார். மூவரும் காரில் ஏறிக் கண்ணாடிகளை ஏற்றிக்கொண்டோம். வெயிலில் காய்ந்த கார், உள்ளே அடுப்பாக இருந்தது. மலர் நாடாவைப் போட்டாள்.

பெரட்டு மணி அடித்துவிட்டது என்று அஞ்சலை பாடத் தொடங்கியதும் யோகம் அக்கா சேலைத் தலைப்பை வாயில் வைத்து அழுத்திக்கொண்டார். கொஞ்ச நேரத்தில் அதுவும் முடியாமல் விட்டுவிட்டார். அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன்னும் பார்த்ததில்லை, பின்னும் பார்த்ததில்லை. சாலையில் ஐஸ்கிரீம்காரரின் மோட்டார் சைக்கிள் மணியடித்துக்கொண்டு போனது. நாங்கள் இருவரும் நேரே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

அவர் யாழ்ப்பாணத்திலிருந்து கல்யாணமாகி இங்கே வந்தவர். அங்கே சண்டை நடந்த நாளில் தாய் இறந்திருக்கிறார். சேதி கடிதத்தில், எல்லாம் முடிந்து வெகு நாள் கழித்து வந்தது. போக வழியில்லை. பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். தலைக்கு ஊற்றிக்கொண்டு போய்ச் சமைத்தாராம்.

“அழ ஆரும் இல்லைப் பிள்ளை. கட்டிப் பிடிக்க ஒரு ஆள் வேணுமெல்லே? இஞ்ச எங்கட ஆக்கள் ஆர் இப்ப ஒப்பாரி சொல்லினம்? அண்டைக்கு அந்தக் குரலைக் கேட்டதும் அங்கேயே கத்தி அழுதிடுவன் எண்டு பயந்துதான் எழும்பி வந்தனான்.”

சம்பந்தம் வேண்டாம் என்று அவருக்குக் கனவில்கூடத் தோன்றவில்லை. அவர் பின்னாளில் இதையெல்லாம் எங்கள் குழுவிலேயே தன் பேர் போட்டு எழுதினார். அதனால்தான் உங்களிடம் சொல்கிறேன், இல்லாவிட்டால் சொல்லியிருக்க மாட்டேன்.

இறங்கியதும் மலர் கேட்டுக்குப் பக்கத்துக் குழாயைத் திறந்துவிட்டாள். மூவரும் முகமும் காலும் கழுவிக்கொண்டு வீட்டுக்குள் போனோம். தேநீர் கொடுத்தார். புறப்படும்போது, “நான் சம்பந்தியாரோட கதைக்கிறன். இந்தப் பிள்ளையை ஒண்டும் செய்யக் கூடாது எண்டு சொல்லுறன்” என்றார்.

“சம்பந்தத்துல மாற்றம் இல்லன்னு மட்டும் சொல்லுங்கக்கா, அவர் பாவம். மலரைப் பத்தி எதுவும் சொல்ல வேணாம்” என்றேன். மலர் என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது. ஆனால் நான் தெரிந்துதான் சொன்னேன். சம்பந்தி வீட்டுச் சிபாரிசில் தப்பித்தவள் என்று ஒரு பேர் வந்தால் அவள் செய்த வேலையை அதற்குப் பிறகு யார் மதிப்பார்கள்? அவள் தன் வேலையால் நிற்க வேண்டும். நிற்க வைக்க என்னால் முடியும் என்ற தைரியம் எனக்கு இருந்தது.

சனிக்கிழமை தலைவர் சாந்தமாகத்தான் வந்தார். ஆனாலும் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

“கலியாணம் குழம்பேல்லை. அதுக்காகச் செய்த பிழை சரியாகிடுமோ?”

“ஆகாதுங்க. பிழை பிழைதான். இனி எந்தப் பக்கமும் தானா ஒலிக்கக் கூடாது, எல்லா ஃபெலோக்களுக்கும் சேர்த்துத்தான் சொல்றேன். ஒப்பாரிக்கு முன்னால வாசல் மாதிரி ஒரு பக்கம் வைப்போம். இது ஒப்பாரி, சாவு விழாத வீட்டுக்குள்ள இதைக் கேக்கிற வழக்கம் இல்ல, பாடினவங்க கேட்டுக்கிறாங்க, அப்படின்னு எழுதுவோம். அதுக்குப் பிறகு திறக்கிறவங்க தெரிஞ்சு திறக்கிறாங்க.”

“அது பக்கம். அந்தப் பிள்ளை?”

கிள்ளானில் நடந்ததைச் சொன்னேன். அழுகையைப் பற்றி ஒரு சொல் சொல்லவில்லை. வீட்டுக்காரரே கேட்டும், தன் படிப்பே அதில் தொங்கியும், உள்ளே போட மாட்டேன் என்று அவள் சொன்னதை மட்டும் சொன்னேன்.

“அவ வழக்கத்தை மீறிட்டான்னு நீக்கச் சொல்றீங்க. அந்த வழக்கத்தை நம்ம எல்லாரையும் விட இறுக்கிப் பிடிச்சிருக்கிறவ அவதான். இவளை அனுப்பிட்டு வேற யாரை எடுக்கப் போறோம்?”

கீழே பல் குடையும் மெஷின் ஓடிக்கொண்டிருந்தது.

“சம்பந்தியம்மா கேட்டவவோ?” என்றார் தலைவர். “எதுக்கு?”

“அதை அவங்கதான் சொல்லணும்.”

அவர் கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டார். வாசல் பக்கத்தில் எழுத்து பெரிதாக இருக்க வேண்டும், தன் வயதுக்காரர்களுக்கும் தெரிய வேண்டும் என்றார். ஃபெலோஷிப் தொடர்ந்தது.

வெளியே நின்ற மலரிடம் சொன்னபோது துள்ளுவாள் என்று எதிர்பார்த்தேன். அவளோ, “அஞ்சலை அத்தைகிட்ட இன்னும் சொல்லல, மிஸ். நடந்ததைச் சொல்லணும். அவங்க எடுத்துருன்னா நான் எல்லாத்தையும் எடுத்துருவேன்” என்றாள்.

“அலாமா! எடுத்துட்டா உன் ஃபெலோஷிப்புக்கு மிச்சம் என்னடி இருக்கு?”

“ஒண்ணும் இருக்காது, மிஸ். தெரியும்.”

இவ்வளவு போராடி மீட்டதை அவள் மறுபடியும் ஒருவர் கையில் கொண்டுபோய் வைக்கிறாள். எனக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனால் அவள் சொன்னதில் பிழை கண்டுபிடிக்க முடியவில்லை. மறுநாள் நானும் கூடப் போனேன்.

அஞ்சலை வாசலில் உட்கார்ந்து கீரை ஆய்ந்துகொண்டிருந்தார். மலர் எதையும் மறைக்கவில்லை. நிச்சயதார்த்தம் என்ற சொல்லைக் கேட்டதுமே அவர் முறத்தைத் தள்ளிவிட்டார்.

“அடிப்பாவி! தட்டு மாத்துன வீட்டுலயா என் குரலைக் கொண்டுபோயி வச்ச? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே லா! அந்தப் பொண்ணுக்கு ஏதாச்சும் ஒண்ணு ஆச்சுன்னா பழி யாருக்கு?”

மலர் தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டாள். கம்ப்யூட்டர், லேப் என்று ஒரு சாக்கும் சொல்லவில்லை. அஞ்சலைக்கு மூச்சு வாங்கியது. கொஞ்ச நேரம் கழித்து அவராகவே கேட்டார்.

“கேட்டவங்க என்ன செஞ்சாங்க? காறித் துப்பினாங்களா?”

“மாப்பிள்ளையோட அம்மா அழுதாங்க, அத்தை. அவங்க அம்மா செத்து ரொம்ப வருஷம் ஆச்சாம். ஊருல சண்டை, போக முடியல. அப்ப அழவே இல்லயாம். உங்க பாட்டக் கேட்டுத்தான் அழுதாங்க.”

அஞ்சலை அவளை நிமிர்ந்து பார்த்தார்.

“அழாத சாவா?” என்றார் மெதுவாக. “அப்ப அந்தம்மா எந்த வீட்டுக்குள்ள போனாலும் சாவு கூடவேதாண்டி போயிருக்கும். நான் தப்பான வீட்டுல பாடல.”

முறத்தை மறுபடி மடிக்கு இழுத்துக்கொண்டார்.

“இருக்கட்டும், எடுக்காத. அந்தம்மாவோட அம்மா பேரு என்ன?”

“தெரியல, அத்தை.”

“கேட்டுட்டு வா. நான் பாடுனது என் ஆத்தாவுக்கு. அவங்களுக்குத் தனியா பேரு சொல்லிப் பாடணும். அந்தம்மாவையும் கூட்டிட்டு வா, அவங்க இல்லாம எப்படி?”

அடுத்த ஞாயிறு யோகம் அக்கா காப்பாருக்கு வந்தார். செம்பனை ஓரத்தில் பாய் விரித்து, அஞ்சலை அவரைத் தோளோடு அணைத்துக்கொண்டு, அந்த யாழ்ப்பாணத்துத் தாயின் பேரைச் சொல்லிப் பாடினார். கொஞ்ச நேரத்தில் யோகம் அக்காவும் தனக்குத் தெரிந்த ஊர்ப் பாட்டின் வரிகளை நடுநடுவே சேர்த்துக்கொண்டார். இரண்டு ஊர்த் தமிழும் ஒன்றாகக் கலந்து அழுதன. மலர் பக்கத்தில் உட்கார்ந்து பதிவு செய்தாள். ஒப்பாரியில் எங்கள் அறவாரியத்துக்காக எடுத்ததிலேயே ஆகச் சிறந்த பதிவு அதுதான். ஆராய்ச்சி செய்கிறவர்கள் கேட்டால் ஆசைப்படுவார்கள்.

மலர் அதை இணையத்தில் போடவில்லை. நாடாவை யோகம் அக்காவிடம் கொடுத்துவிட்டாள். ஆண்டு இறுதி அறிக்கையில், ஒரு பதிவு உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டது என்று மட்டும் எழுதியிருந்தாள். தலைவர் அந்த வரியை ஒருமுறை படித்தார், இன்னொருமுறை படித்தார், ஒன்றும் கேட்காமல் கையெழுத்துப் போட்டார்.